புள்ளி மடியில குந்தணும்: வேலூர்ப் பக்கம் நாலு நாள்

மே 9, வியாழன். காட்பாடி, வேலூர்

காட்பாடியில் இறங்கியதும் எல்லாரும் படிக்கட்டைப் பார்த்து ஓட, நான் ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்து ஓடினேன். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு 'காட்பாடி'யில் இருக்கும் ட் எழுத்தை மட்டும் நாலு கோணத்தில் படம் எடுத்தேன். "இன்னாம்மா, போர்டுல இன்னா கீது?" என்று பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கேட்டார். புள்ளி பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

விஷயம் இதுதான். பகலில் ஊறுகாய், மசாலா பாக்கெட்டுகளுக்கு டிசைன் செய்வது என் வேலை. சனி, ஞாயிறு எழுத்துரு வடிவமைப்பு படிக்கிறேன். பத்து மாதமாக ஒரு தமிழ் எழுத்துரு வரைந்துகொண்டிருக்கிறேன். மற்ற எழுத்தெல்லாம் ஒருமாதிரி நின்றுவிட்டன, ட் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. க், ம், ன் இவற்றுக்கெல்லாம் ஒரு தலை உண்டு. தலைக்கு மேல் புள்ளி வைத்தால் வேலை முடிந்தது. ட அப்படி இல்லை. நெட்டையாக ஒரு கோடு, கீழே படுக்கையாக ஒரு கோடு, மீதி வெறும் காற்று. மொத்த அகலத்தை அளந்து நடுவில் வைத்தால் புள்ளி அனாதையாக நிற்கிறது. நெட்டைக்கோட்டின் உச்சியிலேயே வைத்தால் ஆங்கில ஐ மாதிரி ஆகிவிடுகிறது. மூன்று தடவை திருத்தி அனுப்பினேன். மூன்று தடவையும் ஆசிரியரிடமிருந்து ஒரே வரி: "புள்ளி மிதக்கிறது." நாலாவது தடவை, கம்ப்யூட்டரை மூடிவிட்டு எங்கேயாவது போய் எழுத்தைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்.

ட் அதிகம் விளையும் பூமி எது என்று யோசித்தேன். ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, ஜோலார்பேட்டை, பேர்ணாம்பட்டு, காட்பாடி. பழைய வட ஆற்காட்டை விட்டால் வேறு இடம் தோன்றவில்லை. 1989இல் அந்த மாவட்டத்தை இரண்டாக்கினார்கள், 2019இல் வேலூரை மறுபடியும் மூன்றாக்கினார்கள். எல்லைதான் மாறியது, பேட்டைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

அக்னி நட்சத்திரத்தில் வேலூருக்குப் போகிறேன் என்றதும் அம்மா போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் திருநெல்வேலி வெயில் சுடும், சரி. வேலூர் வெயில் மலையில் பட்டுத் திரும்பி வந்து இரண்டாவது தடவையும் சுடுகிறது. ஆட்டோக்காரர் அதையே பெருமையாகச் சொன்னார். "எங்க ஊருக்கு ஒரு பேரு கீதும்மா. சாமி இல்லாத கோயிலு, ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை." அப்புறம் அவரே திருத்திக்கொண்டார்: "சாமி மட்டும் அப்பால வந்துட்டாரு."

லாட்ஜ் கிடைத்தது பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில். அறை 650 ரூபாய், ஃபேன் ஓடும், காற்று வராது. பையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சந்து முழுக்க வங்காள எழுத்து. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் மாதக்கணக்கில் தங்குவதால் லாட்ஜ், மருந்துக்கடை, மளிகை, சலூன் எல்லாவற்றுக்கும் வங்காளத்தில் போர்டு உண்டு. புதியவை எல்லாம் ஃபிளெக்ஸ். நாலைந்து பழைய தகரப் போர்டுகள் மட்டும் கையால் எழுதியவை. எழுதிய கை தமிழ்க் கை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நம் எழுத்து கோட்டின் மேல் உட்காரும். வங்காள எழுத்து தலைக்கோட்டிலிருந்து கொடியில் காயப்போட்ட துணி போலத் தொங்கும். இந்தப் போர்டில் தலைக்கோடு நூல் பிடித்தாற்போல இருந்தது. ஆனால் கீழே தொங்க வேண்டிய எழுத்துக்கள் தொங்காமல் நம் 'அ' மாதிரித் தொப்பை வைத்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருந்தன.

ஒரு வீட்டு வாசல் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் ஸ்கேன் கவரோடு வந்த ஒரு அக்கா நின்றார். எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் இந்தி அரைகுறை. அது வாடகைக்கு அறை என்று சொல்லும் போர்டாம். படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். முதல் வார்த்தையின் இரண்டாவது எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, "இங்கே ஒரு பிந்து வேணும்" என்றார். வங்காளத்தில் ப வரிசை எழுத்து ஒன்றும் ர எழுத்தும் ஒரே உருவம். அடியில் புள்ளி இருந்தால் ர, இல்லாவிட்டால் ப. புள்ளி விட்டுப்போனதால் அந்த வீட்டில் அறை வாடகைக்கு இல்லை, அர்த்தமில்லாத ஏதோ ஒன்றுதான் வாடகைக்கு இருக்கிறது. "ஆனால் நான் அங்கேதான் இரண்டு மாதமாக இருக்கிறேன்" என்றார்.

அவர் காட்டிய மெஸ்ஸிலேயே சாப்பிட்டேன். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கடுகெண்ணெய் மணக்கும் ரோகு மீன் குழம்பு, 120 ரூபாய். முள் எடுக்கத் தெரியாமல் நான் தடுமாறுவதைப் பார்த்து எதிர் மேசைக்காரர் தன் மீனை எடுத்துக் காட்டி, எங்கே அழுத்தினால் முள் தனியாக வரும் என்று பாடம் நடத்தினார். வேலூரில் என் முதல் பாடம் அதுதான்.

மே 10, வெள்ளி. வேலூர்

அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. சரி, நாளைக்கு வரலாம் என்றேன். வாட்ச்மேன் பரிதாபமாகப் பார்த்தார். "நாளைக்கு ரெண்டாவது சனிம்மா." அதுவும் விடுமுறையாம். நாள் பார்த்துக் கிளம்பிய புத்திசாலி நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

அதனால் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். 16ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்ம நாயக்கர் காலத்துக் கோயில். பல தலைமுறை மூலவர் இல்லாமல் கிடந்து, 1981இல்தான் லிங்கம் திரும்ப வந்தது. ஆட்டோக்காரரின் 'அப்பால வந்துட்டாரு' அதுதான். கல்யாண மண்டபத் தூண்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மே மாதம் பதினோரு மணிக்கு அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பிரகாரத்தை நான் சுற்றவில்லை, தாண்டினேன்.

அகழியில் தண்ணீர் இருந்தது. 1806 ஜூலை 10 அன்று இந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த கதையை ஒரு அப்பா தன் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பையனுக்குக் கவனமெல்லாம் பஞ்சு மிட்டாயில்.

மத்தியானம் ஊரில் நடக்க இடமில்லை. அட்சய திருதியை. நகைக்கடை வாசல்களில் மோர்ப் பந்தல், தெரு முழுக்கக் கழுத்து நிறைய நகை போட்ட நடிகைகளின் ஃபிளெக்ஸ். கூட்டத்திலிருந்து தப்பிக்க ஒரு குறுக்குச் சந்தில் திரும்பினேன். டர்பன்டைன் வாசனை வந்தது. மூக்கைப் பின்பற்றிப் போனேன்.

பத்துக்கு எட்டு இருக்கும் அந்தக் கடை. சுவரெல்லாம் பிரஷ் துடைத்த வண்ணம், ஒரு டிரான்சிஸ்டர், மடக்கு நாற்காலி. அறுபத்தைந்தைத் தாண்டிய பெரியவர் ஒரு மஞ்சள் தகரத்தில் லாட்ஜ் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, "ஃபிளெக்ஸுன்னா அடுத்த தெரும்மா" என்றார். இல்லை, நீங்கள் எழுதுவதைப் பார்க்க வேண்டும் என்றேன். நம்பவில்லை. பிறகு, "குந்து" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

இரண்டு மணி நேரம் குந்தினேன்.

நூலில் சாக்பீஸ் தூளைத் தடவி, இரு பக்கமும் பிடித்து ஒரு சுண்டு. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எழுத்தின் அகலத்துக்கு அளவுகோல் கிடையாது. காற்றில் பிரஷ்ஷை ஓட்டி ஒரு தடவை மொத்த வார்த்தையையும் எழுதிப் பார்த்தார், அவ்வளவுதான். தட்டை பிரஷ்ஷால் 'லா' எழுதினார். ல வளையும் இடத்தில் பிரஷ்ஷை விரல்களுக்கிடையே உருட்டினார், அதனால் தடிமன் மாறவே இல்லை. அந்த உருட்டலைத்தான் நான் கணினியில் வளைவைத் திருத்தும் எட்டுக் கைப்பிடிகளை இழுத்து இழுத்துச் செய்கிறேன். வளைவின் அடி, கீழ்க்கோட்டை ஒரு நூல் அளவு தாண்டி இறங்கியது. கோட்டோடு நிறுத்தினால் உருண்டை எழுத்து குட்டையாகத் தெரியும் என்று எங்களுக்கு ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லித் தந்தார்கள். பெரியவரிடம் கேட்டேன். "கொஞ்சம் தாண்டினாதான் சமமா தெரியும்" என்றார், டிரான்சிஸ்டரில் பாட்டை மாற்றிக்கொண்டே.

லாட்ஜ் என்பதில் இரண்டு புள்ளி. இரண்டையும் வைக்காமல் வார்த்தையை முடித்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். ஏன் என்று கேட்டேன். "புள்ளி வெச்சா எழுத்து முடிஞ்சிடும். அப்பால கை வெக்கக் கூடாது."

டீ குடித்த பிறகு தெருவைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய் நின்றார். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். திரும்பி வந்து பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்தார். மயிர்ப் பக்கம் மேலே, கட்டை முனை கீழே. கட்டை முனையைக் கறுப்பு எனாமலில் தொட்டு, ஜ மேல் ஒரு ஒற்று. உருண்டையாக, ஓரம் பிசிறில்லாமல் விழுந்தது. அடுத்தது ட. நான் ஸ்டூலைவிட்டு எழுந்தேன். ஜ புள்ளியைவிட ஒரு விரல்கடை இறக்கி, நடுவுக்குப் போகாமல் நெட்டைக்கோட்டின் பக்கமாக ஒட்டி, ஆனால் தொடாமல் வைத்தார்.

"அது ஏன் கீழே?"

"பின்ன? ட ஒக்காந்துக்கினு காலை நீட்டிக்கினு கீது பாரு. அதுக்குத் தலை ஏது? மடிதான் கீது. புள்ளி மடியில குந்தணும். மேல தூக்கி வெச்சா விழுந்துடும்."

தரையில் சாக்பீஸால் ஒரு ட போட்டு, என் எழுத்துருவில் நான் வைத்த இடத்திலேயே ஒரு புள்ளி வைத்துக் காட்டினார். அது மிதந்தது.

எவ்வளவு இறக்க வேண்டும், அகலத்தில் எத்தனை பங்கு என்று நான் நோட்டை எடுத்தேன். "எவ்ளோன்னு கேக்காதம்மா. எழுத்து பெருசானா கொஞ்சம், சின்னதானா கொஞ்சம். கண்ணுல கீது." ஆனாலும் படத்தை வைத்து ராத்திரி அளந்து பார்த்தேன், தொழில் புத்தி. கோட்டிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருந்தது. புள்ளியின் விட்டம் கோட்டின் தடிமனைவிட ஒன்றரை மடங்கு. ஒரே அளவில் வைத்தால் புள்ளி கோட்டைவிடச் சின்னதாகத் தெரியும், அதுவும் வகுப்பில் சொன்னதுதான்.

பேச்சுவாக்கில் பழைய லை பற்றி வந்தது. துதிக்கையைத் தூக்கிய யானை மாதிரி இருக்கும் அந்த லை, ணை, னை எல்லாம் 1978 அக்டோபரில் அரசாணை வந்து மாறின. பெரியார் 1935லேயே குடி அரசில் புதிய வடிவத்தை அச்சடிக்கத் தொடங்கிவிட்டார், அரசாங்கம் வந்து சேர 43 வருடம் ஆனது. பெரியவருக்கு அதெல்லாம் 'எம்.ஜி.ஆர். எழுத்து'. அப்போது அவருக்கு இருபது வயது. துதிக்கை வளைவைக் கற்றுக்கொள்ளவே குருவிடம் ஒரு வருடம் அடி வாங்கியிருக்கிறார். வளைவு கைக்கு வந்ததும் அரசாணையும் வந்துவிட்டது. "ஆனா ரெண்டு வருஷம் நல்ல வருமானம். பள்ளிக்கூடம், ஆபீசு எல்லாம் போர்டை மாத்தினாங்க." ஒரே ஒரு அரிசி ஆலைக்காரர் மட்டும் பழைய லைதான் வேண்டும் என்று கேட்டு, இன்றைக்கும் நாலு வருடத்துக்கு ஒரு தடவை அதன் மேலேயே புது பெயிண்ட் அடிக்க வைக்கிறாராம். "துதிக்கையை மாத்தினா லட்சுமி போய்டுமாம்."

ஃபிளெக்ஸ் சதுர அடி 12 ரூபாய்க்குக் கிடைக்கிறது, இவர் 90 வாங்குகிறார். அதைச் சொல்லிப் புலம்பவில்லை. ஃபிளெக்ஸ் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், வெளுத்த பிறகு சில பேர் வருவார்கள் என்றார். நான் எங்கள் வீட்டுக்கு ஒரு சின்னத் தகரம் எழுதக் கேட்டேன்: 'வீட்டு எண் 14'. வேண்டுமென்றே ட் இருக்கிற மாதிரி. 300 ரூபாய். ஞாயிறு சாயந்திரம் வா என்றார்.

அடுத்த கடை ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகம். ஆஃப்செட்டில்தான் அச்சடிக்கிறார்கள். பழைய ட்ரெடில் மெஷின் மூலையில் இருக்கிறது, பில் புத்தகத்துக்கு நம்பர் போடவும் மடிப்புக் கோடு விழ வைக்கவும் மட்டும். ஒரு டப்பாவில் கொஞ்சம் ஈய எழுத்து மிச்சம். ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி கலந்த கலவை, உள்ளங்கையில் கனத்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளியோடு சேர்த்தே தனி அச்சு. ட் ஒன்று கேட்டேன். தேடித் தந்தார்கள், புள்ளி உடைந்திருந்தது. காசு வாங்கவில்லை.

மே 11, சனி. விரிஞ்சிபுரம், ஆம்பூர்

காலையில் பஸ் ஏறியபோதே 'விரிஞ்சிபுரம் போகுமா' என்று கேட்டேன். போகும் என்றார்கள். போனது, ஊருக்குள் இல்லை, பைபாஸ் வழியாக. மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு, "இப்படிக்கா போம்மா, கிட்டதான்" என்று கை காட்டினார்கள். வேலூர்ப் பக்கம் 'கிட்டதான்' என்றால் இரண்டு கிலோமீட்டர்.

'திருவிரிஞ்சை மதிலழகு' என்பார்கள். மதில் உண்மையிலேயே அழகுதான், அதன் நிழல் அதைவிட அழகு. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் நான் தேடி வந்தது 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு. விஜயநகர அரசர் தேவராயர் காலத்தில், படைவீட்டு ராச்சியத்து பிராமணர்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்கிறார்கள். கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் (குஜராத் பக்கத்து லாட நாட்டார்) என்று எல்லாரும். பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுக்க வேண்டும், பொன் வாங்கிக்கொண்டு கொடுக்கக் கூடாது, வாங்கினால் அரச தண்டனையும் சாதி விலக்கும். எது என்று கேட்டதற்கு, பூக்கட்டும் அம்மா நிமிராமலே, "எழுத்தா? செவுரு பூரா எழுத்துதான்" என்றார். உண்மைதான். கோபுர வாசல் பக்கம் தேடிக் கண்டுபிடித்தேனா, வேறு ஒன்றைப் பார்த்து அதுதான் என்று நினைத்துக்கொண்டேனா, சத்தியம் செய்ய மாட்டேன். தமிழுக்கு நடுவே கிரந்த எழுத்துக்கள் அடர்ந்து நிற்பது மட்டும் தெரிந்தது. நிழல் விழுந்து நேரம் காட்டும் கல் ஒன்றும் இங்கே இருக்கிறது. அதைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள், என் முறை வருவதற்குள் மேகம் மறைத்துவிட்டது. மே மாதத்தில் கிடைத்த ஒரே மேகம், அந்த ஐந்து நிமிடம்தான்.

ஆம்பூரில் இறங்கும்போது இரண்டு மணி. பசியில் முதலில் தெரிந்த கடைக்குள் நுழைந்தேன். சீரகச் சம்பா, மட்டன், 210 ரூபாய். பக்கத்தில் கத்திரிக்காய், தயிர் வெங்காயம். ஆம்பூர் பிரியாணியில் மசாலா சத்தம் போடாது, அரிசிதான் பேசும். கத்திரிக்காய் வேலூர் ஜில்லாவின் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயா என்று சப்ளை செய்த தம்பியிடம் கேட்டேன். "நீங்க இன்னா, பேப்பரா?" என்றான்.

என் மேசையில் எதிரே ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற உருது வாத்தியார். கடைக்கு வெளியே உருது போர்டை நான் படம் எடுத்ததைப் பார்த்திருக்கிறார். "அது கம்ப்யூட்டர் எழுத்து, மகளே. படம் எடுக்கிற மாதிரி ஒண்ணும் இல்லை." எது நல்ல எழுத்து என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, தயிர்ப் பச்சடியிலிருந்து வெங்காயத் துண்டுகளை எடுத்தார். சதுரமாக வெட்டிய மூன்று துண்டு. முனையோடு முனை சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வாழை இலையில் வைத்தார். "இதுதான் அலிஃபோட உயரம். நஸ்தலீக்கிலே மூணு நுக்தா."

அலிஃப் உருதுவின் முதல் எழுத்து, நஸ்தலீக் உருது எழுதும் பாணி, நுக்தா என்றால் புள்ளி. நாணல் பேனாவை ஒருமுறை அழுத்தி எடுத்தால் விழும் சாய்சதுரம். அந்தப் புள்ளியைக் கொண்டுதான் மற்ற எழுத்துக்களின் உயரம், வளைவு, வயிறு எல்லாவற்றையும் அளப்பார்கள். அரபு எழுத்துக்கு இந்தக் கணக்கை வகுத்தவர் என்று பத்தாம் நூற்றாண்டு பாக்தாத்தின் இப்னு முக்லாவைச் சொல்வார்கள். அவர் பெயரை வகுப்பில் கேட்டிருக்கிறேன், வெங்காயத்தில் பார்த்ததில்லை. நாங்கள் எழுத்தை வரைந்துவிட்டுப் புள்ளிக்கு இடம் தேடுகிறோம். இவர்கள் புள்ளியை வைத்துவிட்டு எழுத்துக்கு இடம் தேடுகிறார்கள்.

"புள்ளி தப்பினா?" என்றேன்.

"துஆ தெரியுமா? பிரார்த்தனை. அதுக்கு மேல ஒரு நுக்தா தவறி விழுந்தா தகா. துரோகம்." நான்காவது வெங்காயத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். என் பில்லையும் அவரே கொடுத்திருந்தார். நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு, "ஊருக்கு வந்த பிள்ளை" என்றார்.

மே 12, ஞாயிறு. ஆற்காடு, பஞ்சபாண்டவர் மலை

ஆற்காட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். ஆட்டோ போக வர, காத்திருக்க 400 ரூபாய். வழியில் ஒரு பனைமரத்தடியில் ஒரு சிறுமி நுங்கு விற்றாள். அட்டையில் கரித்துண்டால் பெரிதாக எழுதியிருந்தது: 'நுஙகு'. ங மேல் புள்ளி இல்லை. வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. மூன்று நுங்கு 20 ரூபாய்க்கு வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பினோம்.

மலை என்று பெயர்தானே தவிர, பெரிய பாறைக் குன்று. ஒரு பக்கம் பாறையைக் குடைந்து தூண்களும் அறைகளுமாக விட்டிருக்கிறார்கள். பாண்டவர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இருந்தவர்கள் சமணர்கள். யார் குடைந்தது என்று தெரியாத குகைக்கெல்லாம் நம் ஊரில் பாண்டவர்கள்தான் உரிமையாளர்கள். நான் பார்க்க வந்த எழுத்து இயற்கைக் குகை ஒன்றின் பக்கம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் வழி காட்டினான். போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அதுதான் தப்பு. கல்வெட்டைக் காலையிலோ சாயந்திரமோ சாய்வெயிலில் பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் பள்ளத்தில் நிழல் விழாது, எழுத்து பாறைக்குள் ஒளிந்துகொள்ளும். முறையாகப் படிக்கிறவர்கள் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து, மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். என்னிடம் இருந்தது போன் டார்ச். துப்பட்டாவால் வெயிலை மறைத்து, டார்ச்சைப் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். மெல்ல ஒரு வரி எழுந்து வந்தது.

வாசகத்தை முன்பே தாளில் எழுதி வைத்திருந்தேன். 'நந்திப்போத்தரசர்க்கு ஐம்பதாவது நாகணந்தி குரவர் இருக்கப் பொன்னியக்கியார் படிமம் கொட்டுவித்தான் புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன்.' பல்லவ அரசன் நந்திவர்மனின் ஐம்பதாவது ஆட்சி ஆண்டு, எட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. மருத்துவர் மகன் நாரணன், சமணர் வணங்கும் பெண் தெய்வமான ஒரு இயக்கியின் உருவத்தை வெட்டச் செய்தான். கொட்டுவித்தான்! உளியால் கொட்டுகிற சத்தம் அந்த வார்த்தையிலேயே இருக்கிறது. எனக்கு வேண்டிய ட்டும் அதிலேயே இருக்கிறது.

எழுத்து எழுத்தாக நகர்ந்தேன். பாதி எழுத்து எனக்குப் புரியாத பழைய உருவம். நடுவில் ஒரு ட, அதன் பக்கத்தில் இன்னொன்று. நம் ட மாதிரியேதான், நெட்டைக்கோடும் நீட்டிய காலும். டார்ச்சை இன்னும் சாய்த்தேன். புள்ளி இருக்கிறதா? பாறை முழுக்கப் புள்ளி. உளி பட்டது, மழை பட்டது, பாறையே பிறவியில் கொண்டுவந்தது என்று ஆயிரம் பொத்தல். எது கல்லை வெட்டியவன் வைத்தது, எது மழை வைத்தது என்று என் கண்ணால் பிரிக்க முடியவில்லை. மெய்க்குப் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. ஆனால் கல்லிலும் ஓலையிலும் புள்ளியைக் காண்பது அரிது. ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் பொத்துக்கொள்ளும் என்று விட்டார்கள் என்பார்கள். கொ, கோ இரண்டுக்கும்கூட ஒரே கொம்புதான். வீரமாமுனிவர் வந்து கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்தது 18ஆம் நூற்றாண்டில். அதுவரை கொட்டுவித்தானா, கோட்டுவித்தானா என்பதைப் படிக்கிறவன்தான் வாயில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இன்னாக்கா எழுதிக்கீது?" என்றான் பையன். படித்துக் காட்டினேன். "டாக்டர் பையனா?" என்று ஆச்சரியப்பட்டான். ஆயிரத்து இருநூறு வருடத்துக்குப் பிறகும் நாரணனுக்கு அந்த மரியாதை குறையவில்லை.

ஆற்காட்டில் மக்கன் பேடா. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே பருப்பு வைத்துப் பொரித்து, பாகில் ஊறவிட்டது. ஒன்று தின்றால் போதும் என்று எச்சரித்தார்கள், மூன்று தின்றேன். வேலூர் பஸ்ஸில் தூங்கிப்போனேன்.

ஐந்தரை மணிக்குப் பெரியவர் கடைக்குப் போனேன். எனக்காகவே ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தார். பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து, 'வீட்டு எண் 14'. எழுத்தெல்லாம் காய்ந்திருந்தன, புள்ளி மட்டும் இல்லை. நான் பார்க்க வேண்டும் என்று வைக்காமல் வைத்திருந்தாராம். பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்து ஒரு ஒற்று, மடியில். அப்புறம் ண் மேல் ஒன்று. "ராத்திரி பூரா காயணும். மேல எதுவும் படக் கூடாது." ரயில் ஏழு மணிக்கு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு அட்டைப் பெட்டியை வெட்டி மூடி மாதிரிச் செய்து கொடுத்தார்.

காட்பாடியில் ஞாயிறு சாயந்திரக் கூட்டம். பொதுப் பெட்டியில் ஒரு கால் வைக்கத்தான் இடம். அட்டை மூடி எந்த நிமிடம் போனது என்று தெரியவில்லை. அரக்கோணம் தாண்டி உட்கார இடம் கிடைத்தபோது பார்த்தேன். ண் புள்ளி பத்திரமாக இருந்தது. ட வெறும் ட. என் நீலத் துப்பட்டாவில் நல்ல உருண்டையாக, ஓரம் பிசிறில்லாமல் ஒரு வெள்ளைப் புள்ளி.

போர்டை அப்படியே மாட்டிவிட்டேன், 'வீடடு எண் 14' என்று. பால்காரர், கேஸ்காரர், நாலு கூரியர் பையன்கள் வந்து போய்விட்டார்கள். இதுவரை யாரும் தப்பாகப் படிக்கவில்லை. ஆசிரியர் மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.